ஓட்டுப் போடவும் ஒரு நோ டியூ ஃபார்ம்

ஃபைனல் இயர் மக்களுக்கு இந்த மாதம் ஒரே வேலைதான். நோ டியூ ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு பிளாக் பிளாக்காக அலைவது. லைப்ரரி, லேப், ஹாஸ்டல், ஸ்போர்ட்ஸ் ரூம், ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கையெழுத்து. எல்லாம் வாங்கினால்தான் ஹால் டிக்கெட்.

நான் மாட்டியது லைப்ரரியில். கம்ப்யூட்டரில் 40 ரூபாய் பாக்கி என்று காட்டுது. செகண்ட் இயரில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே கட்டிவிட்டேன். ஆனால் ரசீது? இரண்டு வருஷத்துக்கு முந்தின துண்டுச் சீட்டை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்? "அப்போ இன்னொரு தடவை கட்டிடுங்க தம்பி, சிஸ்டம்ல இருக்குல்ல" என்றார் அங்கே இருந்த அண்ணன். கட்டிவிட்டேன். 40 ரூபாய்தானே.

அன்று ராத்திரி புரொஃபஷனல் எத்திக்ஸ் அசைன்மென்ட்டுக்காக ஒரு அமெரிக்கக் கோர்ட் தீர்ப்பைப் படிக்க வேண்டியிருந்தது. 125 பக்கம். முதல் பத்துப் பக்கம் தூக்கம் வந்தது. அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது, ஏன்னா அது அப்படியே நம்ம நோ டியூ கதை. ஃப்ளோரிடா மாநிலத்தில், தண்டனையை முடித்து வெளியே வந்தவர்கள் மறுபடி ஓட்டுப் போட வேண்டுமென்றால் கோர்ட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. சரி, எவ்வளவு பாக்கி என்று கேட்டால், சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. அந்தக் கதையைத்தான் இங்கே முழுசாக எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தையைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் குற்றங்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். சின்னக் குற்றம் 'மிஸ்டிமீனர்', பெரிய குற்றம் 'ஃபெலனி'. ஃபெலனி என்றதும் கொலை, கொள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ளோரிடாவில் 2019 வரைக்கும் 300 டாலர் பெறுமான பொருளைத் திருடினாலே அது ஃபெலனி. ஒரு சுமாரான செல்போன் போதும். (2019-ல் இதை 750 டாலராக ஏற்றினார்கள்.) இந்த முத்திரை ஒரு தடவை விழுந்துவிட்டால், ஜெயிலில் இருக்கும்போது மட்டுமல்ல, வெளியே வந்து வேலைக்குப் போய், வரி கட்டி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓட்டு கிடையாது. கவர்னர் மனது வைத்தால் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். இதுதான் பழைய சட்டம்.

நம்ம ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5): சிறைக்குள் இருக்கிறவர் ஓட்டுப் போட முடியாது. தண்டனைக் கைதி என்றாலும் அதே, இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதி என்றாலும் அதே. இது சரியா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் ஒன்று, தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டால் தடை தானாகவே போய்விடும். யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மெய்ன், வெர்மான்ட் இரண்டிலும் ஜெயிலுக்குள்ளிருந்தே ஓட்டுப் போடலாம். ஃப்ளோரிடா அதற்கு நேர் எதிர்க் கோடி.

ஏன் இப்படி? உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து, அடிமைகளாக இருந்த கருப்பின மக்களுக்கு ஓட்டுரிமை தரச் சொல்லி தெற்கு மாநிலங்களை வாஷிங்டன் நெருக்கியது. 1868-ல் ஃப்ளோரிடா ஒரு புது அரசியல் சட்டம் எழுதி அந்த உரிமையைக் கொடுத்தது. அதே சட்டத்தில் ஃபெலனி குற்றவாளிகளுக்கு ஓட்டு இல்லை என்ற விதியும் உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் எடுப்பது என்பார்களே, அது. 2016 கணக்குப்படி ஃப்ளோரிடாவில் வயதுக்கு வந்த கருப்பின மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஓட்டு இல்லை.

டேபிள் ஜாயின் செய்த தேர்தல்

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

ஃபெலனி குற்றவாளிகளுக்கு ஓட்டு இல்லை என்றால், வாக்காளர் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை யாராவது எடுக்க வேண்டும், இல்லையா? அதற்கு இரண்டு டேட்டாபேஸ்களை ஒப்பிட வேண்டும். ஒன்று வாக்காளர் பட்டியல், இன்னொன்று குற்றவாளிகள் பட்டியல். 2000 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஃப்ளோரிடா இந்த வேலையை ஒரு தனியார் கம்பெனியிடம் கொடுத்தது. பெயர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டாம், கடைசிப் பெயரின் எழுத்துகளில் 80 சதவீதம் ஒத்துப்போனால் போதும் என்று விதியைத் தளர்த்தி வைத்தார்கள். என்ன ஆகும் என்று செகண்ட் இயர் பையனைக் கேட்டாலே சொல்வான். குற்றமே செய்யாதவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் வந்து நின்றது. ஒரு கவுன்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) தேர்தல் பொறுப்பில் இருந்த அதிகாரியின் பெயரே அதில் வந்துவிட்டது! சில கவுன்டிகள் இந்தப் பட்டியல் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டன, சில கவுன்டிகள் அதை வைத்துப் பெயர்களை நீக்கின. அந்தத் தேர்தலில் ஜார்ஜ் புஷ் ஃப்ளோரிடாவை எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார் தெரியுமா? 537.

2004-ல் இன்னொரு தேர்தல், இன்னொரு பட்டியல். இந்தத் தடவை கவனமாகச் செய்கிறோம் என்று விதிகளை இறுக்கினார்கள். ஏறத்தாழ 48,000 பெயர். அதை வெளியே காட்ட மாட்டோம் என்றது அரசு. கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் பத்திரிகைகள் கைக்கு வந்தது. அவர்கள் எண்ணிப் பார்த்தால், 48,000 பேரில் ஹிஸ்பானிக் மக்கள் வெறும் 61 பேர். க்யூபா வழி வந்தவர்களும் மற்ற ஸ்பானிஷ் பேசும் மக்களும் லட்சக்கணக்கில் இருக்கிற மாநிலத்தில் 61!

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒப்பிடும்போது 'இனம்' என்ற காலமும் பொருந்த வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் 'ஹிஸ்பானிக்' என்று ஒரு வகை உண்டு. குற்றவாளிகள் டேட்டாபேஸில் அந்த வகையே கிடையாது, அவர்களெல்லாம் பெரும்பாலும் 'வெள்ளையர்' என்று பதிவாகியிருந்தார்கள். ஒரு பக்கம் ஹிஸ்பானிக், மறு பக்கம் வெள்ளையர். ஜாயின் ஆகவில்லை. அவ்ளோதான். கருப்பின மக்களுக்கோ இரண்டு பக்கமும் ஒரே வார்த்தை, அதனால் அவர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் கச்சிதமாகப் பொருந்தினார்கள். ஃப்ளோரிடாவின் க்யூபா மக்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்குப் போடுகிறவர்கள், அப்போதைய கவர்னர் ஜெப் புஷ் ஜனாதிபதியின் தம்பி. கேட்க வேண்டுமா? பட்டியல் வெளியான சில நாளிலேயே அதைக் கைவிட்டார்கள்.

வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாமல் நடந்ததா என்று இன்னும் சண்டை போடலாம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. ஒரு காலத்துக்கு இரண்டு டேபிளில் வேறு வேறு அர்த்தம் என்பதை யாருமே டெஸ்ட் செய்து பார்க்கவில்லை. அந்தப் பிழையில் போனது மார்க் இல்லை, மனிதர்களின் ஓட்டு.

நான்கு பேர் மேஜை

பட்டியலிலிருந்து போனவர்கள் திரும்பி வர ஒரே வழிதான். கவர்னரும் மூன்று கேபினட் உறுப்பினர்களும் உட்காரும் கருணை மனு வாரியம். (அங்கே கவர்னர் என்றால் நம்ம முதல்வர் மாதிரி, ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிறவர்.) தலைநகர் டல்லஹாஸியில் வருஷத்துக்கு நான்கு தடவை கூடுவார்கள். சார்லி கிரிஸ்ட் கவர்னராக இருந்தபோது, 2007-ல் விதியைச் சுலபமாக்கினார். அவருடைய நான்கு வருஷத்தில் சுமார் 1,50,000 பேருக்கு உரிமை திரும்பக் கிடைத்தது. 2011-ல் வந்த ரிக் ஸ்காட் அதை ரத்து செய்துவிட்டு, தண்டனை முடிந்து ஐந்து முதல் ஏழு வருஷம் காத்திருந்தால்தான் விண்ணப்பமே போடலாம் என்றார். அவருடைய எட்டு வருஷத்தில் கிடைத்தது சுமார் 3,000 பேருக்கு. ஒரே மாநிலம், ஒரே சட்டம், நாற்காலியில் உட்கார்ந்த ஆள் மட்டும் வேறு.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் டெஸ்மண்ட் மீட். போதைப் பழக்கம், ஜெயில், வீடில்லாமல் தெரு. 2005-ல் ஒரு நாள் மயாமியில் ரயில் தண்டவாளத்துப் பக்கத்தில் நின்று, அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தார். ஏறுவதற்கு இல்லை. அன்று ரயில் வரவில்லை. அங்கிருந்து நடந்து போய் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தவர், பிறகு காலேஜில் சேர்ந்து, 2014-ல் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டியில் சட்டப் பட்டமும் வாங்கினார். ஆனால் அப்போது வக்கீலாகப் பதிவு செய்ய முடியவில்லை. 2016-ல் அவர் மனைவி ஷீனா மாநில சட்டசபைத் தேர்தலில் நின்றார். சொந்த மனைவிக்கே ஓட்டுப் போட முடியவில்லை அவரால்.

மீட் தலைமையில் ஓர் இயக்கம் வேறு வழி தேடியது. ஃப்ளோரிடாவில் போதுமான கையெழுத்து சேர்த்தால், மக்களே நேரடியாக அரசியல் சட்டத் திருத்தத்தை ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரலாம். தேவை 7,66,200 கையெழுத்து. கடை வாசல், சர்ச் வாசல், பஸ் ஸ்டாண்ட் என்று அலைந்து அதற்கு மேலேயே சேர்த்தார்கள். 2018 நவம்பர் 6. நான்காம் எண் திருத்தம். ஜெயிக்க 60 சதவீதம் வேண்டும், கிடைத்தது 64.5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், 51 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு. அதே நாளில் நடந்த கவர்னர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரான் டிசாண்டிஸ் மயிரிழையில் ஜெயித்தார். அப்படியென்றால் அவருக்குப் போட்டவர்களிலும் நிறைய பேர் இதற்கும் 'ஆம்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

திருத்தம் சொன்னது சுருக்கமாக இது: கொலை, பாலியல் குற்றம் தவிர மற்ற ஃபெலனிகளில், தண்டனையின் 'எல்லா நிபந்தனைகளும்' முடிந்தால் ஓட்டுரிமை திரும்ப வரும். கிட்டத்தட்ட 14 லட்சம் பேருக்கு இது பொருந்தும் என்று கணக்குப் போட்டார்கள். 2019 ஜனவரி 8-ம் தேதி அமலுக்கு வந்தது. அன்றைக்கே பலர் கோட்டு சூட்டோடு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பெயரைப் பதிவு செய்யப் போனார்கள். டெஸ்மண்ட் மீட்டும் போனார்.

பில் எங்கே?

'எல்லா நிபந்தனைகளும்.' அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது சட்டசபை. 2019 ஜூன் 28 அன்று டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்ட 7066 எண் மசோதாவின்படி, ஜெயில், பரோல், கண்காணிப்புக் காலம் மட்டும் முடிந்தால் போதாது. தீர்ப்பில் விதித்த அபராதம், கோர்ட் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீடு எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும்.

இதில் எதிர்த் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கக் கூடாது. 2017-ல் இந்தத் திருத்தத்துக்காக மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீலே, 'எல்லா நிபந்தனைகளும்' என்பதில் அபராதமும் சேரும் என்ற அர்த்தத்தில் பதில் சொல்லியிருந்தார். அந்த நீதிமன்றமும் 2020 ஜனவரியில் அதே அர்த்தத்தைத்தான் சொன்னது. திருடினவன் திருட்டுக் கொடுத்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? தப்பில்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடன் நியாயமா என்பது ஒரு கேள்வி, பில் எங்கே என்பது வேற கேள்வி.

பாக்கியில் பெரும்பகுதி இழப்பீடு கூட இல்லை, கட்டணம். ஃப்ளோரிடாவில் கோர்ட் அலுவலகங்கள் நடப்பதே பெருமளவு குற்றவாளிகளிடம் வாங்கும் கட்டணத்தில்தான். தீர்ப்பில் சொன்ன ஒரு கவுன்டியில், எந்த ஃபெலனி வழக்கானாலும் குறைந்தது 548 டாலர். வக்கீல் வைக்க வசதியில்லை என்று அரசு வக்கீல் கேட்டால் குறைந்தது 668 டாலர். அதாவது ஏழையாக இருப்பதற்கே கூடுதல் கட்டணம். கட்டத் தவறினால் பாக்கி வசூல் ஏஜென்ஸிக்குப் போகும், அவர்கள் 40 சதவீதம் வரைக்கும் மேலே போட்டு வாங்கலாம். ஓட்டுரிமை இழந்தவர்களைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் கோர்ட்டில் கொடுத்த கணக்குப்படி, மற்ற எல்லாம் முடித்து இந்தப் பணத்தால் மட்டும் நிற்பவர்கள் சுமார் 7,74,000 பேர்.

வழக்குப் போட்டார்கள். நீதிபதி ராபர்ட் ஹிங்கிள். கொரோனா காலம், 2020 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வீடியோ காலில் விசாரணை. மே 24 அன்று வந்த தீர்ப்புதான் நான் படித்த அந்த 125 பக்கம்.

அதில் ஒரு சோதனை வருகிறது. ஒரு பேராசிரியரும் அவருடைய பிஹெச்டி மாணவர்களும் 153 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொருவருக்கும் பாக்கி எவ்வளவு என்று கண்டுபிடிக்க முயன்றார்கள். வேலையே அதுதான், கையில் நேரமும் இருந்தது. தீர்ப்பு நகல் ஒன்று சொல்லும், கவுன்டி கிளார்க் வெப்சைட் இன்னொன்று சொல்லும், போலீஸ் ரெக்கார்டு மூன்றாவதாக ஒன்று சொல்லும். 67 கவுன்டி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு டேட்டாபேஸ் கிடையாது. 153 பேரில் கணக்கு முரண்படாமல் இருந்தது எத்தனை பேருக்கு? மூன்றே பேருக்கு. 150 பேருக்கு ஆராய்ச்சிக்காரர்களாலேயே முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. 1980-களில் நடந்த வழக்குகளுக்குப் பேப்பர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. என் 40 ரூபாய் ரசீது ஞாபகம் வந்தது அப்போதுதான்.

இன்னொரு கூத்து. 700 டாலர் அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தவணையாக 700 டாலர் கட்டிவிட்டார், ஆனால் அதில் 200 டாலரை வசூல் ஏஜென்ஸி தன் கமிஷனாக எடுத்துக்கொண்டது. பாக்கி எவ்வளவு? கவுன்டி கணக்கில் 200. அரசோ, வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. எந்தப் பெயரில் கட்டியிருந்தாலும் கட்டிய ஒவ்வொரு டாலரையும் அபராதத்தில் கழித்துக்கொள்ளலாம், ஆக ஓட்டுக்கு வேண்டிய பாக்கி 0. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த முறையில் கணக்குப் போட, கட்டிய ஒவ்வொரு தவணையின் வரலாறும் வேண்டும். அது பல இடங்களில் இல்லவே இல்லை. ஒரே மனிதருக்கு இரண்டு பாக்கித் தொகை, இரண்டுமே சரி, எதையும் நிரூபிக்க முடியாது.

சரி, அரசாவது சொல்லட்டும் என்றால், சரிபார்க்க வேண்டிய பதிவுகள் 85,000 தேங்கிக் கிடந்தன. ஒரு நாளைக்கு ஊழியர்கள் பார்த்து முடிக்கக்கூடியது சராசரியாக 57. கால்குலேட்டர் எடுங்கள், 85,000-ஐ 57-ஆல் வகுத்தால் 1,491 நாள். லீவு நாளெல்லாம் சேர்த்தால் 2026-ஐத் தொடும் என்று நீதிபதியே கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பணப் பாக்கி விஷயத்தில் அதுவரைக்கும் ஒரு பதிவைக்கூட முடித்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அந்த மனிதர் ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் ஃபெலனி குற்றவாளி அல்ல, அல்லது என் ஓட்டுரிமை திரும்பக் கிடைத்துவிட்டது' என்ற உறுதிமொழி. பொய் என்று தெரிந்தே போட்டால் அதுவே இன்னொரு ஃபெலனி, ஐந்து வருஷம் வரைக்கும் ஜெயில். நீங்களாக இருந்தால் போடுவீர்களா? நான் போட்டிருக்க மாட்டேன். ஓட்டுரிமை இருக்கிறவர்களும் பயந்து வீட்டில் உட்காருவார்கள்.

ஹிங்கிள் இதற்குக் காசு கட்டினால்தான் ஓட்டு என்கிற ஏற்பாடு என்று பெயர் வைத்தார். கட்ட வசதி இல்லாதவர்களைத் தடுக்கக் கூடாது என்றார். கூடவே கோர்ட் கட்டணம் என்பது வரி மாதிரி, வரி கட்டாததற்காக ஓட்டை மறுக்கக் கூடாது என்று 1964-லேயே வந்த 24-வது திருத்தத்துக்கு இது விரோதம் என்றார். (ஒரு காலத்தில் தெற்கு மாநிலங்களில் ஓட்டுப் போடவே தலைவரி கட்ட வேண்டும். அதை ஒழிக்க வந்த திருத்தம் அது.) பிறகு ஒரு தீர்வும் சொன்னார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. சந்தேகம் இருக்கிறவர் மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு ஃபார்ம் அனுப்பி, எனக்குப் பாக்கி இருக்கா, எவ்வளவு என்று கேட்கலாம். 21 நாளில் பதில் வராவிட்டால் அவர் ஓட்டுப் போடலாம், வழக்குப் போடக் கூடாது. நம்ம பாஷையில் சொன்னால் டைம்-அவுட். சர்வர் பதில் சொல்லாவிட்டால் நஷ்டம் சர்வருக்கு, யூஸருக்கு இல்லை.

அது நிலைக்கவில்லை. 2020 ஜூலையிலேயே மேல் கோர்ட் தடை போட்டது. செப்டம்பர் 11 அன்று, அட்லாண்டாவில் இருக்கும் பதினோராவது சர்க்யூட் அப்பீல் கோர்ட், 6-க்கு 4 என்று தீர்ப்பை ரத்து செய்தது. பணமும் தண்டனையின் ஒரு பகுதிதான், அவரவர் பாக்கியைக் கண்டுபிடித்துத் தர வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்பது பெரும்பான்மையின் வாதம். ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது எட்டு வாரம்கூட இல்லை. பலபேருடைய பாக்கியைக் கட்ட நன்கொடை வசூலித்தார்கள், நியூயார்க்கின் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க் மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர் வரைக்கும் திரட்டினார். பணம் இருந்தும், யாருக்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் அங்கேயும் பெரிய வேலை.

கார்டு கொடுத்தது யார்?

2022 ஆகஸ்ட் 18. தேர்தல் குற்றங்களுக்கென்று புதிதாகத் தொடங்கிய அலுவலகம் 20 பேரைப் பிடித்திருக்கிறது, 2020-ல் உரிமை இல்லாமல் ஓட்டுப் போட்டவர்கள் என்று டிசாண்டிஸ் பேட்டி கொடுத்தார். இவர்கள் கொலை அல்லது பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள். நான்காம் எண் திருத்தம் இவர்களுக்குப் பொருந்தாது, அது உண்மை. ஆனால் பலர் முறையாக விண்ணப்பித்திருந்தார்கள். தகுதியைச் சோதிக்க வேண்டிய அரசு அதைத் தடுக்கவில்லை, கவுன்டி அலுவலகம் வாக்காளர் கார்டே அனுப்பிவிட்டது. போலீஸ்காரர்களின் உடம்பில் மாட்டிய கேமரா வீடியோக்களை அக்டோபரில் ஒரு பத்திரிகை வெளியிட்டது. வீட்டு வாசலில் விலங்கு மாட்டும்போது அந்த மனிதர்களுக்கு எதற்காகக் கைது என்றே புரியவில்லை. கைது செய்ய வந்தவர்களில் சிலருக்கே சங்கடமாக இருந்தது முகத்தில் தெரிகிறது. சில வழக்குகளை நீதிபதிகள் அதிகார வரம்பு இல்லை என்று தள்ளுபடி செய்ய, 2023 பிப்ரவரியில் சட்டசபை அந்த வரம்பையே மாற்றிச் சட்டம் போட்டது.

ஒரு கொசுறு. 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 ஃபெலனி குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான ஒரு ஃப்ளோரிடாவாசி, அதே வருஷம் நவம்பர் 5 அன்று பாம் பீச்சில் தன் ஓட்டைத் தாராளமாகப் போட்டார். பெயர் டொனால்ட் ட்ரம்ப். இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை, சட்டப்படி சரி. வெளி மாநிலத்தில் தண்டனை பெற்றவருக்கு அந்த மாநிலத்துச் சட்டத்தைத்தான் ஃப்ளோரிடா பார்க்கும். நியூயார்க்கில் ஜெயிலுக்குள் இல்லாத வரைக்கும் ஓட்டு உண்டு. அதே ஊரில் 1990-களில் ஏதோ வழக்கில் மாட்டி, கோர்ட் கட்டணத்தில் ஐம்பது டாலர் நிற்கிற ஒருவருக்கு இல்லை. 2024 மதிப்பீட்டின்படி ஃப்ளோரிடாவில் இப்படி ஓட்டு இல்லாமல் இருப்பவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். அமெரிக்க மாநிலங்களிலேயே அதிகம்.

அசைன்மென்ட்டுக்கு நான் இதை ஒரு டேட்டாபேஸ் டிசைன் கேள்வியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். டிபிஎம்எஸ் லேப் இருக்கிற தேர்ட் இயர் மக்களும் முயற்சி செய்து பாருங்கள். மூன்று டேபிள் போதும்: நபர், தீர்ப்பு, கட்டணம். 1980-லிருந்து பழைய பேப்பர் ரெக்கார்டு, 67 கவுன்டி, ஒவ்வொன்றிலும் வேறு ஃபார்மட். 'தகுதி' என்ற காலத்தை எந்த விதியை வைத்து நிரப்புவீர்கள்? கட்டிய பணத்தின் வரலாறு இல்லாத ரோவை என்ன செய்வீர்கள்? கடைசியாக, எல்லாம் தேடிப் பார்த்தும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது என்றால் டிஃபால்ட் என்ன வைப்பீர்கள், ஆம் என்றா, இல்லை என்றா? ஹிங்கிள் 21 நாளுக்குப் பிறகு ஆம் என்று வைத்தார். அப்பீல் கோர்ட்டில் ஆறு பேர் அதை எடுத்துவிட்டார்கள். என் டீம் மேட்டும் நானும் இதில் ஒத்துப்போகவில்லை, இரண்டு பதிலையும் எழுதித்தான் சப்மிட் செய்தோம்.